ஓடுபாதையை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா?

கல்லடியிலிருந்து:

புளோரிடாவில் விமானமோட்டப் பழகிய முதல் மாதத்தில், இறங்கவிருக்கும் நிலையத்தின் வானிலையையும் ஓடுபாதையையும் பதிவுசெய்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லும் ஏட்டிஸ் (ATIS) அலைவரிசையை நாலு தடவை கேட்டும், தொடையில் கட்டியிருந்த எழுதுபலகையில் பாதி இலக்கங்கள்கூட ஏறவில்லை. ஆங்கிலம் விளங்காததல்ல காரணம். எதற்குப் பின் எது வரும் என்பது எனக்கு மனப்பாடமாகியிருக்கவில்லை. நிலையத்தின் பெயர், செய்திக்கு அடையாளமான ஆங்கில எழுத்து, நேரம், காற்று, பார்வைத்தூரம், முகில், வெப்பநிலை, பனிபடுநிலை, அமுக்கம், அதன்பின் ஓடுபாதை என்ற அங்குள்ள வரிசையை இடப்பக்க ஓரத்தில் முன்கூட்டியே எழுதிவைத்து, வெற்றிடங்களை மட்டும் நிரப்பத் தொடங்கிய பிறகுதான் ஒரே தடவையில் பிடிக்க முடிந்தது.

அந்தப் பழக்கமே பிறகு என் காலை வாரியது. நாடு திரும்பிப் பயிற்றுநர் ஒருவருடன் முதன்முதலாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்தபோது, ஓடுபாதை கடைசியில்தான் வருமென்று ஆறுதலாக இருந்துவிட்டேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஒழுங்கிலோ, இறங்குவதற்கு நெருங்கி வரும் முறையும் ஓடுபாதையும் காற்றுக்கு முன்பே வந்துவிடும். அங்கு 04, 22 என்ற இரண்டே திசைகள்தான் (ஏறத்தாழ 040, 220 பாகை). ஆனாலும் எது என்று தெரியாமல், செய்தி மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமுக்கத்தையும் அமெரிக்காவில் பாதரச அங்குலக் கணக்கில் 29.92 என்பதுபோல் கேட்டுப் பழகிய காதுக்கு, ஹெக்டோபஸ்காலில் 1009 என்று வந்தது ஒரு கணம் யாரோ தொலைபேசி இலக்கம் சொன்னதுபோலவே இருந்தது. பயிற்றுநர் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் விமானியல்லன், வீட்டுக் கணினியில் பறப்பவன். ஒருநாள் ஒலிபெருக்கியில் ‘விண்ட் சீரோ ஃபோர் சீரோ டிகிரீஸ், வன் டூ நொட்ஸ்’ என்று வந்ததைக் கேட்டு, காற்று 040 பாகையை நோக்கிப் போகிறது என்று தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கரைவலை இழுத்தே காலம் கழித்த வாப்பா திண்ணையில் இருந்தபடி, “எங்கால இருந்து வருதோ அதுதாண்டா காத்துக்குப் பேர். வாடை வடக்கால வரும், கச்சான் மேற்கால வரும்” என்றார். ஏட்டிஸ் சொல்லும் பாகையும் அதே கணக்குத்தான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மட்டக்களப்பு விமான நிலையத்தின் ஓடுபாதை 06/24 என்பதால், வாடைக்கு 06இலும் கச்சானுக்கு 24இலும் இறங்கினால் காற்று முகத்தில் அடிக்கும் என்பதை அவருக்குக் காட்டினேன். தோணியைக் கரைக்கு எடுப்பதும் அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தொழுகைக்கு எழுந்துவிட்டார்.

மறுபடி கல்லடியிலிருந்து:

உங்கள் வாப்பா சொன்னதை என் முதல் வகுப்பில் எவராவது சொல்லியிருக்கலாம். எழுத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வானிலையோ ஓடுபாதையோ மாறிப் புதுச் செய்தி வரும்போது செய்தியின் எழுத்தும் அடுத்ததாக மாறும்; டெல்ட்டா (D) எக்கோவாகிவிடும் (E). முதல் தொடர்பிலேயே கையிலுள்ள எழுத்தைச் சொல்லுமாறு செய்தியின் முடிவில் கேட்பது, நம்மிடம் இருப்பது பழையதா என்று கட்டுப்பாட்டாளர் உடனே கண்டுகொள்வதற்காகத்தான். புளோரிடாவில் சிலர் எழுத்தைச் சொல்லாமல் ‘ஹேவ் நம்பர்ஸ்’ என்று மட்டும் சொல்வார்கள். காற்று, ஓடுபாதை, அமுக்கம் ஆகிய மூன்றும் கிடைத்தன என்பதே அதன் பொருள்; ஏட்டிஸ் முழுவதையும் கேட்டதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்க விமானிகளுக்கான கைந்நூலே எழுதி வைத்திருக்கிறது. நானும் ஒருமுறை அப்படிச் சொன்னேன். “எந்த எழுத்து?” என்று கேட்டார்கள். பலகையைப் பார்த்தேன், எல்லா வெற்றிடங்களும் நிரம்பியிருந்தன, அந்த ஒன்றைத் தவிர.