16 கருவிகளும் ஒரே கைப்பிடியும்: சுங்கத்தில் எந்தத் தலைப்பு?

கைக்கருவிகளைச் சிறு அளவில் இறக்குமதி செய்து இரும்புக்கடைகளுக்கு விற்பது என் தொழில். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் வந்த ஒரு சரக்கில் பலபயன் கருவிகள் இரண்டு வகையாக இருந்தன. முதலாவது, இரண்டு அலகுகளுடன் தக்கைத்திருகி, திருப்புளி, சிறு கத்தரிக்கோல் ஆகியவையும் சேர்ந்த மடக்குக் கத்தி. மற்றது, விரித்தால் குறடாக மாறுவது. கத்தி, அரம், ரம்பம், திருப்புளிகள் எல்லாம் அதன் கைப்பிடிகளுக்குள் மடிந்திருக்கும். சுங்க வரிப் பட்டியலில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் எண்ணிட்ட ஒரு தலைப்பு உண்டு. இரண்டிலும் கத்தி இருப்பதால் இரண்டையும் 8211 93 00, அதாவது நிலையான அலகு இல்லாத கத்திகள் என்ற தலைப்பில் காட்டி, பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிக்கையைத் தாக்கல் செய்தேன்.

மூன்றாம் நாள் சுங்கத்துறையிலிருந்து கேள்வி வந்தது. பெட்டியின் மேல் '16 கருவிகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதால் இது கருவித் தொகுப்பு என்றும், 8206இல் ஏன் வகைப்படுத்தக் கூடாது என்றும் கேட்டிருந்தார்கள். 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி, அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடெங்கும் விரிந்த முகமறியா மதிப்பீட்டு முறையில், சரக்கு ஒரு துறைமுகத்தில் இருக்க, மதிப்பிடும் அதிகாரி வேறொரு நகரில் இருப்பார். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாதவருக்கு விலைப்பட்டியலும் பெட்டியின் படமும்தான் சான்று என்பதால், அவர் அந்த 16ஐப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அன்றைய வீதத்தில் அடிப்படைச் சுங்கவரி எந்தத் தலைப்பானாலும் 10 சதவீதம். அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. வேறுபாடு ஐ.ஜி.எஸ்.டி. எனும் ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரியில் இருந்தது: கத்திகளுக்கான 8211க்கு 12 சதவீதம், குறடுகளுக்கான 8203க்கும் தொகுப்புகளுக்கான 8206க்கும் 18 சதவீதம். 100 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு மொத்த வரி 24.32 ரூபாயா, 30.98 ரூபாயா என்பதே வழக்கு. பதிவு பெற்ற வணிகர் ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டு, விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இது முழு இழப்பு ஆகாது. ஆனால் நான் வெளியிடும் விற்பனைச் சீட்டிலும் அதே குறியீடு வர வேண்டும் என்பதால், விற்பனை விலை அதனால் மாறிவிடும்.

எங்கள் சுங்க முகவர், நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், என் தாக்கலைப் பார்த்ததும், "அவரும் தவறு, நீங்களும் பாதி தவறு" என்றார். 8206 என்பது 8202 முதல் 8205 வரையிலான தலைப்புகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் சேர்ந்த கருவிகளைச் சில்லறை விற்பனைக்காக ஒரு தொகுப்பாக அமைத்ததற்கு உரியது. தனித்தனியாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள்கள் ஒரு பெட்டிக்குள் இருந்தால்தான் தொகுப்பு. ஆணியடித்துப் பிணைக்கப்பட்டு, ஒன்றைக் கழற்றினால் மற்றதும் பயனற்றுப் போகும் பொருள், பல கூறுகளால் ஆன ஒரே பொருள். மேலும் 8211இன் கத்தியும் 8213இன் கத்தரிக்கோலும் 8202–8205 என்ற வரம்புக்குள்ளேயே இல்லை.

என் தவறு வேறு வகையானது. ஒரு பொருள் பல தலைப்புகளுக்குப் பொருந்தும்போது வழிகாட்டும் பொது விளக்க விதி 3(இ)யின்படி எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பை எடுக்கலாம் என்ற நினைப்பில், 8203க்குப் பின் வரும் 8211ஐக் குறடு வகைக்கும் போட்டிருந்தேன். இன்றியமையாத தன்மையைத் தருவது எந்தக் கூறு என்று 3(ஆ)வின் கீழ் பார்த்து, விடை கிடைக்காதபோதுதான் 3(இ)க்குப் போக வேண்டும். அந்தக் கருவியின் உடலே குறடு. எடையும் விலையும் வலுவும் அதில் இருக்கின்றன, கைப்பிடியே குறட்டின் நீட்சி. எனக்கு வசதியான விதிக்கு நான் தாவியிருந்தேன் என்பதே உண்மை.

ஆகவே பதிலில் இரண்டையும் பிரித்தோம். மடக்குக் கத்திக்கு 8211 நிற்க வேண்டும் என்றும், குறடு வகைக்கு 8203 20 00ஐ ஏற்று வேறுபாட்டைக் கட்டுகிறோம் என்றும் எழுதினோம். மூடியும் திறந்தும் எடுத்த படங்கள், பிணைப்பாணிகளின் அண்மைப் படம், உற்பத்தியாளரின் பாகப் பட்டியல் ஆகியவற்றை இ-சஞ்சித் எனும் சுங்கத்தின் இணைய ஆவண முறை வழியாக ஏற்றினோம். மறுமதிப்பீட்டை நாங்கள் ஏற்காவிட்டால் சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவின்படி காரணங்கூறும் ஆணையை 15 நாள்களுக்குள் தர வேண்டும் என்பதையும் பணிவாக நினைவூட்டினோம். துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து அறிக்கை அனுப்பிய பின் எங்கள் பிரிப்பு ஏற்கப்பட்டது. இதற்கு 11 நாள்கள் ஆயின. கிடங்குக் கட்டணம், நான் வாதாடிய வரி வேறுபாட்டை விட அதிகம்.

இதைப் படித்த நண்பர் ஒருவர் தம் அனுபவத்தை எழுதியிருந்தார்:

"நான் தனிப் பயன்பாட்டுக்காக அஞ்சலில் ஒரு பலபயன் கருவியை வரவழைத்தேன். அது கத்தியா, குறடா என்று யாரும் ஆராயவில்லை. தனிப் பயன்பாட்டுக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வருபவை 9804 என்ற தலைப்பின் கீழ் ஒரே வீதத்தில் மதிப்பிடப்படுவதால், உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும் பொருட்டில்லை. என் தம்பி விற்பனைக்காக முகாம் கரண்டிகளை இறக்கியபோதுதான் சிக்கல் வந்தது. கத்தி, முள்கரண்டி, கரண்டி மூன்றும் தனித்தனியாகக் கழன்று வருபவை. கத்திகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் 8215இன் பொருள்கள் (கரண்டி, முள்கரண்டி போன்றவை) இருந்தால் தொகுப்பு முழுவதும் 8215 என்று 82ஆம் அத்தியாயத்தின் 3ஆம் குறிப்பே சொல்வதால், அதை எடுத்துக்காட்டியதும் கேள்வி முடிந்துவிட்டது."

அடுத்த சரக்குக்கு அச்சகத்திடம் சொல்லி, பெட்டியில் இருந்த '16 கருவிகள்' என்ற வரியைச் சிறிதாக்கி, அதற்கு மேல் 'மடக்குக் கத்தி' என்றும் 'மடக்குக் குறடு' என்றும் பெயர் போட்டுக்கொண்டேன்.