கையைக் கடிக்காமல் டென்ட் எடையைக் குறைத்தவர்கள் சொல்லுங்கள்

கிராம்கணக்கன்

எடை குறைந்த டென்ட் வேண்டும் என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: புதிதாக வாங்கு. ஒரு கிலோவுக்குக் கீழே இருக்கும் டென்ட்கள் அருமையானவைதான். விலையைப் பார்த்தால்தான் மலை ஏறும் ஆசையே இறங்கிவிடுகிறது. அதனால் கையில் இருக்கும் சாதாரண இருவர் டென்ட்டை வைத்தே எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் கணக்கை முதலில் வைக்கிறேன், உங்களுடையதைச் சேர்த்துவிடுங்கள்.

முதல் வேலை, சமையலறைத் தராசில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வைத்து எடை பார்ப்பது. மொத்த டென்ட்டையும் ஒரே மூட்டையாக நிறுத்தால் ஒன்றும் விளங்காது. எனக்கு வந்த கணக்கு இது: மழைக்கான மேல்துணி 820 கிராம், வலையும் தரையும் சேர்ந்த உள்டென்ட் 900, ஃபைபர் கிளாஸ் போல் (டென்ட்டைத் தாங்கி நிற்கும் வளையும் கம்பி) இரண்டும் சேர்த்து 620, இரும்பு பெக் (தரையில் அடிக்கும் முளை) பன்னிரண்டு 264, இழுகயிறுகள் 60, பைகள் மூன்று 110. டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் கனமான பாலித்தீன் விரிப்பு தனியாக 450. ஆக 3.2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

இதில் என்னை உறங்க வைக்கும் பாகங்கள் மேல்துணி, உள்டென்ட், போல் மூன்றும்தான். மீதி எல்லாம் பரிவாரம். அந்தப் பரிவாரமே கிட்டத்தட்ட 900 கிராம்! அங்கிருந்துதான் தொடங்கினேன்.

அடிவிரிப்புக்குப் பதிலாக ஜன்னல் கண்ணாடியில் குளிர் புகாமல் இருக்க ஒட்டுகிறார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம். சதுர மீட்டருக்குச் சுமார் 18 கிராம்தான் வருகிறது. 2.05 மீட்டருக்கு 1.5 மீட்டர் தரைக்கு வெட்டினால் 55 கிராம். பார்க்கக் கிழிந்துவிடும் போல இருக்கும், ஆனால் கூரான கல்லையும் முள்ளையும் முதலில் பொறுக்கிவிட்டு விரித்தால் நன்றாகவே தாங்குகிறது. ஒன்று, டென்ட் தரையைவிட விரிப்பு ஒரு சாண் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதன் மேல் சேர்ந்து அடியில் ஓடிவிடும்.

பெக் அடுத்தது. இரும்பு பெக் ஒன்று 22 கிராம். மூன்று விலா கொண்ட அலுமினிய பெக் 14 கிராம், டைட்டானியம் கொக்கி பெக் 6 கிராம். நான்கு மூலைக்கும் அலுமினியம், இடையில் இருக்கும் நான்குக்கும் டைட்டானியம் என்று வைத்தேன். 80 கிராமில் முடிந்தது. பைகள் மூன்றுக்குப் பதில் 25 கிராம் பை ஒன்று. கயிற்றை மெல்லியதாக மாற்றியதில் அது 25 ஆனது.

கடைசியாகத்தான் போல். 8.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினிய போல் தனியாகவே கிடைக்கிறது. இரண்டும் சேர்த்து 360 கிராம். எனக்கு ஆன செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. குறைந்தது 260 கிராம்.

இப்போது மொத்தம் 2.27 கிலோ. கிட்டத்தட்ட ஒரு கிலோ போயிருக்கிறது. துணியில் கத்தரியே படவில்லை. குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்தால் அடிவிரிப்பு கிட்டத்தட்ட இலவசம், போல்தான் விலை. லேபிள்களையும் வெட்டினேன், 4 கிராம். அதைக் கணக்கில் சேர்க்க வெட்கமாக இருக்கிறது.

புதுநடை

ஒரு சந்தேகம். டென்ட் உறையில் இரண்டு எடை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

ஈரத்துணி

புதுநடை, குறைந்தபட்ச எடை என்று போடுவது பெரும்பாலும் மேல்துணி, உள்டென்ட், போல் மூன்றுக்கும் மட்டும்தான். பெக், கயிறு, பை எதுவும் அதில் இருக்காது. இன்னொன்று மூட்டையாகக் கட்டிய எடை, அதில் எல்லாம் வரும். இரண்டு டென்ட்களை ஒப்பிடும்போது ஒன்றில் இந்த எண்ணையும் இன்னொன்றில் அந்த எண்ணையும் எடுத்துவிடாதீர்கள். சில சமயம் அரைக் கிலோ வித்தியாசம் காட்டும்.

கிராம்கணக்கன் பட்டியலில் ஒரு பாகம் விட்டுப்போயிருக்கிறது: தண்ணீர். ராத்திரி மழை பெய்து காலையில் அப்படியே சுருட்டினால் 820 கிராம் மேல்துணி ஒரு கிலோவைத் தாண்டிவிடும். நான் நிறுத்துப் பார்த்தபோது 300 கிராமுக்கு மேல் கூடியிருந்தது. போலை மாற்றிச் சேமித்ததை மழை ஒரே ராத்திரியில் திரும்பக் கேட்கிறது!

அதனால் நான் செய்வது இவ்வளவுதான். காலையில் மேல்துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நன்றாக உதறுகிறோம். பிறகு உறிஞ்சும் துணியால் உள்ளும் புறமும் ஒரு துடைப்பு, பிழிந்துவிட்டு இன்னொரு துடைப்பு. முக்கால்வாசித் தண்ணீர் போய்விடும். வெயில் வந்ததும் நடுவில் எங்கே நின்றாலும் பையிலிருந்து எடுத்து ஒரு புதர் மேல் விரித்துவிடுவேன். மெல்லிய துணி, காய அதிக நேரம் பிடிக்காது. ஈர மேல்துணியை உள்டென்ட்டோடு சேர்த்துச் சுருட்டாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. செலவு, ஒரு துடைக்கும் துணி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இருவர் போகிறோம் என்றால் ஒருவர் துணி, மற்றவர் போலும் பெக்கும். இதைச் சொன்னால் ஏமாற்று வேலை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என் முதுகில் இருப்பது 1.2 கிலோ.

ஒற்றைப்பை

நான் தனியாகத்தான் நடப்பேன். பங்கு போட ஆள் கிடையாது. அதனால் உள்டென்ட்டையே வீட்டில் விட்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை மலிவான குவிமாட டென்ட்களில் போலின் நுனிகளைப் பிடித்து வைத்திருப்பது உள்டென்ட்டின் மூலைகள்தான். உள்டென்ட் இல்லையென்றால் போல் நிற்காது, நான்கு பக்கமும் விரிந்து படுத்துவிடும். சிலர் இதைப் பார்த்துவிட்டு, இந்த டென்ட்டுக்கு இது முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். முடியும். தரையின் மூலைவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன 2.05க்கு 1.5 மீட்டர் தரை என்றால் சுமார் 2.54 மீட்டர். அந்த நீளத்துக்கு நீளாத நாடா இரண்டு எடுத்து, நுனியில் போல் நுழையும் அளவுக்கு உலோக வளையம் அடித்து, நடுவில் இரண்டையும் பெருக்கல் குறி போல வைத்துத் தைத்துவிடுங்கள். போல் நுனி வளையத்தில் உட்காரும், போல் வளைந்து நிற்கும், மேல்துணியைப் போட்டு உள்பக்கம் இருக்கும் பட்டைகளால் போலோடு கட்டிவிடலாம். நாடா 40 கிராம். உள்டென்ட் 900.

மேல்துணி தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கும், காற்று உள்ளே வரும். மழை இல்லாத ராத்திரியில் அது வரம்தான், மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிவது குறைகிறது. ஆனால் கொசு இருக்கும் இடத்தில் தலைக்கு ஒரு வலை வேண்டும். தேளும் எறும்பும் இருக்கும் இடத்துக்கு நான் இதை எடுத்துப்போவதே இல்லை. அங்கே 900 கிராமும் சுகமான சுமை.

தையல்காரி

ஒற்றைப்பை பாதித் தூரம் வந்துவிட்டார். போலையும் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

ஊன்றுகோல் இரண்டு வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்குத் தார்ப்பாய்தான் சரி. கோல் எப்படியும் கையில் இருக்கிறது, அதன் எடை ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை முழுவதையும் ஒரே மூச்சில் தனியாக நடந்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல். அவரிடம் டென்ட்டே கிடையாது. மழைக்கு வைத்திருந்தது குளியலறைத் திரை. அந்த அளவுக்கு நான் போகச் சொல்லவில்லை, நல்ல துணியே வாங்கலாம்.

சிலிகான் பூசிய பாலியஸ்டர் துணி பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில் கிடைக்கும். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் தார்ப்பாய்க்கு 7.5 சதுர மீட்டர், ஆக 340 கிராம். மடிப்பு, மூலை வலுவூட்டல், கயிறு மாட்டும் காது எல்லாம் சேர்த்து 400க்குள் முடிந்துவிடும். இதையே நைலானில் தைக்கலாம், அது இழுவைக்கு இன்னும் வலு. ஆனால் நைலான் ஈரத்தைக் குடித்து நீளும். ராத்திரி விறைப்பாகக் கட்டியது விடியும்போது தொங்கிக்கொண்டிருக்கும், எழுந்துபோய் மறுபடி இழுக்க வேண்டும். தூக்கம் பெரிது என்பதால் நான் பாலியஸ்டர் பக்கம்.

துணியின் அகலம் பொதுவாக ஒன்றரை மீட்டர்தான். அதனால் இரண்டு துண்டுகளை நடுவில் சேர்க்க வேண்டிவரும். அந்தச் சேர்ப்புத்தான் கூரையின் முகடு. இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, ஓரம் வெளியே தெரியாதபடி இரட்டைத் தையல் போடுங்கள். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வேண்டாம், மக்கிவிடும். சிலிகான் துணி வழுக்கும், மிஷினுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கும் என்பதால், தையலுக்குள் மறையும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். ஊசி மெல்லியதாக இருக்கட்டும்.

தைத்து முடித்ததும் முகட்டுத் தையலுக்குப் பூச்சு கட்டாயம். சிலிகான் துணியில் சிலிகான் மட்டும்தான் ஒட்டும். பாலியூரித்தேன் பூச்சை அதன்மேல் தடவினால் காய்ந்ததும் உரிந்துவிடும். பாலியூரித்தேன் பூசிய சாதாரண டென்ட் துணிக்கு அதற்குரிய பூச்சு. நான் ஜன்னல் இடுக்கு அடைக்கும் தெளிவான சிலிகானை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) கரைத்து, பிரஷ்ஷால் தையல்மேல் தடவுகிறேன். வெளியில் வைத்துச் செய்யுங்கள், நாற்றம் தாங்காது. காய ஒரு முழு நாள் விடுங்கள். அப்புறம் டால்கம் பவுடர் தூவித் துடைத்தால் மடிக்கும்போது ஒட்டாது.

கட்டுவது பழக வேண்டிய வேலைதான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அந்த ஓரத்தைத் தரையோடு இறக்கிவிட வேண்டும். மழைத்துளி தரையில் விழுந்து தெறிப்பது உள்ளே வரும், அதனால் நடுவில் படுங்கள். 2.5 மீட்டர் நீளம் இருப்பதால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சும்.

காற்றுவாசி

எல்லாம் சரி. பெக்கைக் குறைப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

மரமில்லாத மேட்டில் தங்குவது எனக்குப் பிடிக்கும், அங்கே காற்றுதான் எஜமான். கொக்கி பெக் இறுகிய மண்ணில் நன்றாக நிற்கும். மணலிலும் நொய்ந்த மண்ணிலும் ஒரு இழுப்புக்கு வந்துவிடும். என் பக்கத்தில் தங்கிய ஒருவருடைய டென்ட் நடு ராத்திரியில் ஒரு மூலை கழன்று துணி படபடவென்று அடித்துக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து பிடித்தோம். பெக் எடை குறைவு என்பது அதற்குக் காரணமில்லை. அந்த மண்ணுக்கு அந்த பெக் பொருந்தவில்லை.

பெக் குறைவாக வைத்திருப்பவர்கள் கல்லைப் பழகிக்கொள்ளுங்கள். கயிற்றைக் கல்லில் நேராகக் கட்டினால் தேய்ந்து அறுந்துவிடும். கயிற்று நுனி வளையத்தில் ஒரு விரல் தடிமன் குச்சியைச் செருகி, குச்சிக்கு முன்னால் ஒரு பெரிய கல், அதன்மேல் அல்லது பக்கத்தில் இன்னொன்று வைத்தால் இழுக்க இழுக்கக் குச்சி கல்லில் முட்டி நிற்கும். மணலில் அதே குச்சியைக் கயிற்றுக்குக் குறுக்காக ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடலாம். இரண்டும் எடை சுழியம்.

மெல்லிய கயிறு என்றீர்களே, டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு என்றால் ஒரு எச்சரிக்கை. பலமானதுதான், ஆனால் வழுக்கும். டென்ட்டோடு வரும் பிளாஸ்டிக் இறுக்கிகள் 3 மில்லிமீட்டர் கயிற்றுக்குச் செய்தவை, 1.5 மில்லிமீட்டர் அதில் நிற்காது. இறுக்கிகளைக் கழற்றிவிட்டு முடிச்சுப் போடுங்கள், இரண்டு சுற்றுப் போதாது, மூன்று நான்கு சுற்றுங்கள். வெளிர் நிறத்தில் வாங்குங்கள், இருட்டில் கால் தடுக்காது.

இழுகயிறு மாட்டும் காதுகளை எடைக்காக வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் சாமி. ஒரு கிராம், இரண்டு கிராமுக்காகக் காற்றோடு வம்பு.

பழையபை

பழைய டென்ட் வாங்கி எடை குறைப்பவன் நான். நல்ல தரமான, எடை குறைந்த டென்ட்டைச் சிலர் கொஞ்ச நாள் வைத்திருந்து விற்றுவிடுகிறார்கள். வாங்கும் முன் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மேல்துணியின் உள்பக்கம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை வந்தால் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்துகொண்டிருக்கிறது. அதைத் திருப்ப முடியாது, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஜிப் தேய்ந்திருந்தால் பயமில்லை, பெரும்பாலும் ஓடும் தலையை மட்டும் மாற்றினால் போதும்.

புதுநடை

போல் மாற்றலாம் என்று நினைக்கிறேன். நீளத்தை எப்படி அளப்பது? என் போல் இப்போதே கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது.

கிராம்கணக்கன்

பழைய போலைப் பூட்டித் தரையில் நேராக வைத்து, நுனிக் குச்சியோடு சேர்த்து அளங்கள். இரண்டையும் தனித்தனியாக. புதியது அதே நீளம் இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கூடினால் மூலைத் தையல் இழுபடும், குறைந்தால் துணி தொய்யும். நுனிக் குச்சியின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள், டென்ட் மூலை வளையத்தில் அது நுழைய வேண்டும். நீளம் கூடுதலாக வந்தால் கடைசித் துண்டை மட்டும் அறுத்து, வெட்டிய ஓரத்தை அரத்தால் மழமழவென்று தேய்த்துவிடுங்கள். பிசிறு இருந்தால் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு அறுந்துவிடும். அந்தக் கயிறு போலைவிட நீளம் குறைவாக, இழுத்துக் கட்டும்படி இருக்கட்டும்.

பழைய ஃபைபர் கிளாஸ் போலைத் தூக்கிப்போடும் முன் அதன் இணைப்பு இரும்புக் குழாய் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் ஒரே தடிமன் என்றால், வழியில் அலுமினிய போல் உடைந்தால் உடைந்த இடத்தின் மேல் அதைச் சறுக்கி இரண்டு பக்கமும் டேப் சுற்றினால் அடுத்த ஊர் வரை தாங்கும்.