குடிநீர்ப் பரிசோதனைத் தரவு: ஐந்து அமைப்புகளின் கோப்புகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, பொதுத் தரநிலையை எங்கிருந்து தொடங்குவது?

கயல்

வணக்கம் நண்பர்களே. ஐந்து உள்ளாட்சி அமைப்புகள் பொதுக் குழாய்களில் எடுக்கும் குடிநீர் மாதிரிகளின் முடிவுகளைத் திறந்த தரவாக வெளியிடுகின்றன. அவற்றை ஒரே அட்டவணையாகச் சேர்த்து, எந்தப் பகுதியில் குளோரின் குறைகிறது என்று மக்களுக்குக் காட்ட எங்கள் தன்னார்வக் குழு நினைக்கிறது. நான்கு மாதமாக முயல்கிறேன், முடியவில்லை.

ஒரு கோப்பில் தேதி 03/04/2024 என்று இருக்கிறது. மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று எங்கும் எழுதவில்லை. ஒரே குழாயின் குறியீடு ஓரிடத்தில் 0412, இன்னோரிடத்தில் 412. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு தெருப்பெயர்களைக் கணினி வேறு வேறு என்கிறது. குளோரின் கட்டத்தைச் சிலர் வெறுமையாக விடுகிறார்கள், சிலர் 0 போடுகிறார்கள், சிலர் ஒரு கோடு. ஒரு கோப்பில் "இல்லை" என்று எழுத்திலேயே இருக்கிறது.

இதற்கெல்லாம் முடிவு காண 40 பக்கத்தில் பொதுத் தரநிலை ஆவணம் ஒன்றை எழுதி ஐந்து இடங்களுக்கும் அனுப்பினேன். மூன்று மாதம் ஆகிறது. இரண்டு இடத்திலிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்தது. ஒரு கோப்பும் மாறவில்லை.

கையில் இருப்பதை எப்படிச் சரிசெய்வது? இனி வருபவை ஒரே வடிவில் வர என்ன செய்ய வேண்டும்?

தரவுத்தச்சன்

முதலில் ஒரு கேள்வி. பதிவிறக்கிய சி.எஸ்.வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணை) எதில் திறக்கிறீர்கள்? எக்செலில் நேரடியாகத் திறந்தால் 0412 என்பதை அது எண்ணாக எடுத்துக்கொண்டு 412 ஆக்கிவிடும். தேதியையும் உங்கள் கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்ப மாற்றிக் காட்டும். அப்படியே சேமித்தால் மூலக் கோப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு சில மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை வரம்பு இடித்ததில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் உரிய நேரத்தில் சேரவில்லை.

கோப்புகளை மறுபடி பதிவிறக்கி, நோட்பேட் மாதிரி ஒரு எளிய உரைத் திருத்தியில் பாருங்கள். மூலத்தைத் தனி அடைவில் போட்டு, அதைத் தொடவே வேண்டாம். மாற்றமெல்லாம் நகலில்தான்.

கயல்

அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஐந்தில் மூன்று கோப்புகளில் பூச்சியம் சரியாகவே இருக்கிறது. அவற்றில் ஒன்றில் தேதியும் 2024-04-03 என்று தெளிவாக இருக்கிறது. கெடுத்தது நான் திறந்து சேமித்த விதம். நான்கு மாதமாக அந்த அலுவலகங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மீதி இரண்டில் உண்மையிலேயே பூச்சியம் இல்லை. அந்த 03/04 குழப்பமும் மூலத்திலேயே இருக்கிறது.

தரவுத்தச்சன்

குறியீடுகள் எல்லாம் நான்கு இலக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் முன்னால் பூச்சியம் நிரப்பலாம். தெரியாவிட்டால் கேட்காமல் நிரப்ப வேண்டாம். தேதிக்கு, அந்த நெடுவரிசை முழுவதையும் பாருங்கள். முதல் இடத்தில் எங்காவது 12-க்கு மேல் எண் வந்தால் நாள் முதலில் வருகிறது. இரண்டாம் இடத்தில் வந்தால் மாதம் முதலில். இரண்டு இடத்திலும் வந்தால் இரண்டு பேர் இரண்டு விதமாக நிரப்பியிருக்கிறார்கள், அதைக் கணினியால் தீர்க்க முடியாது. வெளியிட்டவரைத்தான் கேட்க வேண்டும். இனிமேலுக்கு ஐ.எஸ்.ஓ 8601 போதும்: ஆண்டு-மாதம்-நாள். 1988-இலிருந்து இருக்கும் தரநிலை, யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

வரைபடப்பிரியை

தெருப்பெயர் சிக்கலுக்கு வருகிறேன், தமிழில் இது அடிக்கடி வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒப்பிட்டால் பொருந்தாது. இப்படிப்பட்ட வேறு வேறு சேமிப்புகளை ஒன்றாக்கும் யுனிகோடின் இயல்பாக்கத்தில் என்.எஃப்.சி என்ற வடிவம் இருக்கிறது, பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் செய்யலாம். இரண்டு பக்கத்தையும் அதற்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். "ஔ" எழுத்தை மட்டும் கையால் சரிபாருங்கள். சிலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள், அதை என்.எஃப்.சி திருத்தாது. சொல்லின் முன்பின் இடைவெளிகளையும் நீக்கிவிடுங்கள்.

ஆனாலும் பெயரை வைத்து இணைப்பதையே விட்டுவிடுங்கள், கயல். பெயர் மனிதர் படிக்க, குறியீடு கணினி இணைக்க. இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும், வேலை மட்டும் வேறு.

பழைய பதிவேடு

அம்மா கயல், நான் 11 ஆண்டுகள் இப்படிப்பட்ட கோப்புகளை நிரப்பும் பக்கத்தில் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பட்டியலிட்டதில் மிக ஆபத்தானது அந்த வெறுங்கட்டம். குளோரின் 0 என்றால் அளந்தோம், நீரில் கிருமிநாசினி இல்லை என்று பொருள். அது அவசரச் செய்தி. வெறுமை என்றால் அன்று கருவி பழுதாக இருந்திருக்கலாம், மாதிரியே எடுக்காமல் இருந்திருக்கலாம். கோடு என்றால் எங்கள் அலுவலகத்தில் "இந்த இடத்துக்குப் பொருந்தாது". இன்னோர் அலுவலகத்தில் அதே கோட்டுக்குக் "கருவியால் கண்டறிய முடியாத அளவு". இந்த நான்கையும் நீங்கள் 0 ஆக்கி வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால், நல்ல நீர் வரும் தெருவில் பீதி கிளம்பும். நான்கையும் வெறுமையாக்கினால் உண்மையான ஆபத்து மறைந்துவிடும். இரண்டுமே மனிதரைப் பாதிக்கும் விஷயம்.

அதனால் மதிப்புக்கு ஒரு நெடுவரிசை, அதன் நிலைக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள். நிலையில் நான்கே சொற்கள்தான்: அளந்தது, வரம்புக்குக் கீழ், அளக்கவில்லை, பொருந்தாது. வரம்புக்குக் கீழ் என்றால் அந்தக் கருவியின் வரம்பு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். அலகு நெடுவரிசைப் பெயரிலேயே இருக்கட்டும், "குளோரின்_லிட்டருக்கு_மில்லிகிராம்" என்பதுபோல. அடிக்குறிப்பில் எழுதிய அலகை யாரும் படிப்பதில்லை.

இனி உங்கள் 40 பக்கம். அதைப் படித்திருக்க வேண்டியவர், மாதக் கடைசியில் இதோடு இன்னும் ஏழெட்டு அறிக்கைகளை நிரப்பும் ஒருவர். அவருக்கு அந்த ஆவணம் கூடுதல் வேலை, வேறொன்றும் தரவில்லை. நான் அந்த இருக்கையில் இருந்திருந்தால் நானும் "பெற்றுக்கொண்டோம்" என்றுதான் எழுதியிருப்பேன்.

பேருந்து நேர அட்டவணைகளுக்கான ஜி.டி.எஃப்.எஸ் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 2005-இல் போர்ட்லாந்து நகரின் டிரைமெட் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. ஒரு சுருக்கக் கோப்புக்குள் சில எளிய உரை அட்டவணைகள், நிறுத்தம், தடம், நேரம், அவ்வளவுதான். அந்த வடிவில் கொடுத்தால் பேருந்து வரைபடத்தில் வந்தது, பயணிகள் பார்த்தார்கள். கொடுத்தவருக்கு உடனே ஒரு பலன் தெரிந்தது. அதனால்தான் மற்ற நகரங்களும் தாமாக வந்தன என்பது என் எண்ணம். நீங்களும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள், கொடுப்பவருக்கு ஏதாவது திருப்பிக் கொடுங்கள்.

சங்கிலி

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் புதிதாக ஒரு தரநிலை எழுதுவதையே நான் ஏற்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று எழுதினால் ஐந்து வடிவம் ஆறாகும். இருப்பதைப் பயன்படுத்துங்கள். தரவுப் பட்டியலில் ஒவ்வொரு கோப்பையும் விவரிக்க, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ.த்ரீ.சி அமைப்பின் டிகேட் இருக்கிறது, 2014-இல் பரிந்துரையாக வந்து, 2024-இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. வலையில் தரவு வெளியிடுவதற்கு அவர்களே 2017-இல் 35 சிறந்த நடைமுறைகளைத் தொகுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ஐந்து கோப்புகளின் உரிமத்தைப் பார்த்தீர்களா? உரிமம் எழுதாத தரவு பதிவிறக்க முடிகிறது என்பதாலேயே திறந்த தரவு ஆகிவிடாது. 2007 டிசம்பரில் அமெரிக்காவின் செபஸ்டபோலில் 30 பேர் கூடி அரசின் திறந்த தரவுக்காக எழுதிய எட்டுக் கோட்பாடுகளிலேயே உரிமத் தடை இருக்கக் கூடாது என்பது வருகிறது.

பழைய பதிவேடு

உரிமம் பற்றிச் சொன்னது மிகச் சரி, எனக்குத் தோன்றவில்லை. புதிதாக எழுதாதே என்பதையும் பாதி ஏற்கிறேன். டிகேட் சொல்வது கோப்பைப் பற்றி: யார் வெளியிட்டார், எப்போது புதுப்பித்தார், எந்த உரிமம், எங்கே கிடைக்கும். கோப்புக்குள் குளோரின் கட்டத்தில் கோடு போடலாமா என்று அது சொல்லாது. அது உள்ளடக்கத் தரநிலை, அதை அந்தத் துறைக்காரர்கள்தான் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

தரவுத்தச்சன்

அந்த ஒரு பக்கத்தைக் கணினி படிக்கும்படியும் எழுதிவிடுங்கள். ஃப்ரிக்‌ஷன்லெஸ் டேட்டா திட்டத்தின் டேபிள் ஸ்கீமா என்ற அட்டவணை விவரிப்பு முறை போதும். எந்த நெடுவரிசை, என்ன வகை, கட்டாயமா, எந்தச் சொற்கள் மட்டும் அனுமதி என்று ஒரு சிறு ஜேசன் கோப்பில் (கணினி படிக்கும் எளிய உரை வடிவம்) எழுதினால், அதற்கான கருவி தரவைச் சோதித்து "17-ஆம் வரிசையில் தேதி தவறு" என்கிற மட்டத்தில் சொல்லும். குறியீட்டை உரை என்று அறிவித்துவிட்டால், அதைப் படித்து இயங்கும் கருவிகள் பூச்சியத்தைத் தின்னாது. கருவியைத் தன்னார்வலர்கள் ஓட்டலாம், அலுவலகத்தில் எதையும் நிறுவச் சொல்ல வேண்டாம்.

கயல்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

40 பக்கத்தை ஒரு பக்கமாக்கினோம். ஏழு நெடுவரிசைகள், நான்கு நிலைச் சொற்கள். அதை மின்னஞ்சலில் அனுப்பாமல், ஒவ்வோர் அலுவலகத்திலும் கோப்பை நிரப்புபவரை நேரில் பார்த்து, அவருடைய போன மாதக் கோப்பை நாங்களே மாற்றிக் காட்டினோம். அப்போதுதான் தெரிந்தது, ஓரிடத்தில் "இல்லை" என்று எழுதியவர் மாதிரி எடுக்கப் போனபோது குழாயில் தண்ணீரே வரவில்லை என்பதைத்தான் எழுதியிருக்கிறார். நம் நான்கு சொற்களில் அது இல்லை. "நீர் வரவில்லை" என்று ஐந்தாவது சேர்த்தோம். தண்ணீர் வராத நாள்களும் இப்போது அட்டவணையில் தெரிகின்றன, எனக்கு அதுவே மிகப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

திருப்பிக் கொடுப்பதற்கு, பிழைப் பட்டியலோடு அவர்கள் மாதாமாதம் மேலே அனுப்பும் தொகுப்பு அறிக்கையையும் அதே கோப்பிலிருந்து உருவாக்கிக் கொடுக்கிறோம். அதற்காகவே இரண்டு அலுவலகங்கள் புதிய வடிவுக்கு மாறிவிட்டன. மூன்றாவது அடுத்த மாதம் மாறுவதாகச் சொல்லியிருக்கிறது. உரிமம் இரண்டில் இல்லை. ஒன்று சி.சி பை 4.0 உரிமத்தைச் (மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்பது) சேர்த்துவிட்டது, மற்றதில் யார் கையெழுத்திடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். டிகேட் விவரங்களை எங்கள் பட்டியலில் நாங்களே எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு புதிய சந்தேகம். 0412 குழாயை எடுத்துவிட்டு நாற்பது மீட்டர் தள்ளிப் புதுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதே குறியீட்டையே கொடுக்கலாமா?

வரைபடப்பிரியை

வேண்டாம். 0412-க்கு முடிவுத் தேதி போட்டு மூடிவிடுங்கள், புதியதற்குப் புது எண். "முந்தைய குறியீடு" என்று ஒரு கட்டம் வைத்து 0412-ஐக் குறித்தால் தொடர்ச்சியும் கிடைக்கும். மூடிய எண்ணை வேறு எந்தக் குழாய்க்கும் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பதை அந்த ஒரு பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். குழாய்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்தால் ஐந்து அமைப்புகளும் அதையே பார்க்கலாம்.

கயல்

சரி அக்கா. குழாய்ப் பட்டியலை இன்றே தனியாகப் பிரிக்கிறேன். ஐந்து அமைப்பும் தனித்தனியாக 0412 வைத்திருப்பதால், எண்ணுக்கு முன்னால் அமைப்பின் குறியீட்டையும் சேர்க்கப் போகிறேன்.