11 வருடம் கழித்து எங்கள் தாமான் பர்கர் கடை: முட்டையைச் சுற்றாமல் ஸ்பெஷல் என்று விற்கலாமா?

கிள்ளான்காரன்:
ஜொகூரில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் கிள்ளானுக்கே திரும்பி வந்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, முதலில் போனது எங்கள் தாமான் (குடியிருப்பு) முச்சந்தி பர்கர் கடைக்கு. ராத்திரி டியூஷன் முடிந்து சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டு வரிசையில் நின்ற கடை அது. அப்போது ஒரு தள்ளுவண்டி, ஒரு கல், ஒரு குடை, ஒரு பாக்சிக் (மலாய்க்கார மாமா), அவ்வளவுதான். இப்போது கடை வரிசையில் கண்ணாடிக் கதவு போட்டு அவர் மகன் நடத்துகிறார். கோழி ஸ்பெஷல் 9 வெள்ளி (ரிங்கிட்).

விலையை விடுங்கள், எனக்கு முட்டைதான் பொறுக்கவில்லை. பாக்சிக் முட்டையைக் கல்லில் உடைத்து, தோசைத் திருப்பியின் முனையால் நாலு பக்கமும் இழுத்து, அடியில் இருக்கும் கல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்குவார். கோழியைக் குறுக்கே கீறி விரித்து, மிளகுத் தூளும் மேகி சோஸும் போட்டு, முட்டைக்கு நடுவில் வைத்து நாலு ஓரத்தையும் மடிப்பார். கடித்தால் ஓரம் மொறுமொறு என்று இருக்கும், உள்ளே சோஸ் ஊறியிருக்கும். இப்போது வளையத்தில் ஊற்றி வேகவைத்த முட்டையைத் தூக்கி மேலே வைத்து மூடிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் ஸ்பெஷலா? நான் இனி அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

நாசிலெமாக் அக்கா:
தம்பி, நானும் 6 வருடமாகக் காலையில் ஒட்டுக்கடை போடுகிறேன், அதனால் சொல்கிறேன். விலையை விடுங்கள் என்று சொல்வது வாங்குகிறவருக்குச் சுலபம். 2023 நவம்பரில் கோழிக்கு விலைக் கட்டுப்பாடு போனது, 2025 ஆகஸ்டில் முட்டை மானியமும் நின்றது, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. அந்தப் பையனுக்குக் கடை வாடகை வேறு. ஒரு முட்டையை இழுத்து மடிக்கிற நேரத்தில் வளையத்தில் நாலு முட்டை வெந்துவிடும். எட்டு மணிக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு நின்றால் வரிசையில் நிற்பவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள், ராத்திரி கல்லாவை எண்ணும்போதுதான் அது தெரியும்.

பண்டமாரான்:
அக்கா சொல்லும் கணக்கு சரி, ஆனால் கிள்ளான்காரன் பக்கம்தான் நான். இந்த மாதிரிக் கடைகளில் போடும் ரம்லி பர்கர் இறைச்சியை 1979இல் ரம்லி மொக்னியும் அவர் மனைவியும் 2,000 வெள்ளி முதலோடு வீட்டிலேயே கையால் பிடித்து ஆரம்பித்தார்கள். அப்போது மற்றவர்கள் விற்ற பர்கர் இறைச்சி ஹலாலா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. இன்றைக்கு ரம்லி இறைச்சியை யார் வேண்டுமானாலும் பேரங்காடியில் வாங்கலாம், நான் வீட்டிலேயே பொரிக்கிறேன். இறைச்சி, பன், சோஸ் எல்லாமே எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியானால் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் என்ன வித்தியாசம்? கல்லின் சூடும் அந்த ஆளின் கையும்தான். கையை எடுத்துவிட்டு 9 வெள்ளி கேட்டால் நான் ஏன் வீட்டை விட்டு வெளியே வரவேண்டும்?

மேரு ரோடு:
நீங்கள் யாரும் அந்தக் கல்லைப் பற்றிப் பேசவில்லையே. பழைய வண்டியில் ஒரே கல், மாட்டிறைச்சியும் அதில்தான், கோழியும் அதில்தான். பாக்சிக் நல்ல மனிதர், கேட்டால் ஒரு ஓரத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் நமக்குப் போடுவார். இருந்தாலும் என் அம்மா கடைசிவரை அதை வாயில் வைத்ததில்லை. நாங்கள் வாங்கி வந்தால் வாசலில் நின்றே சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிவிட்டு உள்ளே வரவேண்டும். புதுக் கடையில் கோழிக்குத் தனிக் கல், தனித் திருப்பி. யாரும் கேட்டு வைத்ததில்லை, மகனே வைத்தார். போன தீபாவளிக்கு முந்திய வாரம் அம்மா முதல்முறையாக அங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழு பர்கர் சாப்பிட்டார், அப்புறம் சிலி சோஸ் இன்னும் கொஞ்சம் கேட்டார். 40 வருடமாக அதே தாமானில் இருப்பவர். முட்டை வட்டமா சதுரமா என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான்.

கிள்ளான்காரன்:
தனிக் கல் இருப்பதை நான் கவனிக்கவில்லை, அது பெரிய காரியம்தான். என் நெற்றியில் திருநீறு இருந்தால் பாக்சிக் கேட்காமலே ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார். அது எனக்கு மறக்காது. ஆனால் அக்கா, கூட்ட நேரத்தில் முடியாது என்றால் பலகையில் வேறு பெயர் எழுதட்டும். ஸ்பெஷல் என்றால் சுற்றியதுதான், இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நாசிலெமாக் அக்கா:
அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? சாப்பிட்டீர்கள், காசு வைத்தீர்கள், வந்து இங்கே எழுதினீர்கள். என் சம்பலில் உப்புக் கூடினால் என்னிடம் சொல்லுங்கள், நான் அன்றைக்கே சரி செய்வேன். சொல்லாமல் போகிறவர்களால்தான் பயம்.

மேரு ரோடு:
பாக்சிக் இன்னும் வருகிறார், முழங்கால் வலி, அதனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் கேட்டால் மகன் மடித்துத் தருகிறார், நானே வாங்கியிருக்கிறேன். அப்பா அளவுக்கு மெல்லிசு வராது.

பண்டமாரான்:
பத்து மணிக்கு மேல் வந்து கெஞ்சிக் கேட்டால்தான் கிடைக்கும் என்றால் எனக்கு வேண்டாம். நான் மாறப் போவதில்லை.

கிள்ளான்காரன்:
அக்கா சொன்னது உறைக்கிறது, நான் கேட்கவில்லைதான். புதன் ராத்திரி பத்தரைக்குப் போகிறேன். முதலில் பாக்சிக்கைப் பார்த்துப் பேசிவிட்டு, அப்புறம் மகனிடம் மடித்துத் தரச் சொல்வேன். பலகையில் பெயரை மாற்றச் சொல்லியும் கேட்கத்தான் போகிறேன், அதில் நான் விடமாட்டேன்.