சொந்தச் சர்வரில் ஒரு சமூகம் நிலைக்குமா?

கலங்கரை:
நிறுவனங்கள் நடத்தும் இணையதளங்களில் ஒரு சமூகத்தைக் கட்டினால் அது எத்தனை நாள் இருக்கும் என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது. இது ஊகம் இல்லை, நடந்து முடிந்த விஷயம். ஜியோசிட்டீஸ் 2009இல் போனது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் முடிந்தது. யாகூ குரூப்ஸ் 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கியது, அடுத்த ஆண்டு டிசம்பரில் மொத்தமாகவே நின்றது. மூடும்போது பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், உண்மைதான். கோப்பு கைக்கு வந்தது. அதில் பேசிக்கொண்டிருந்த மனிதர்கள் கலைந்து போனார்கள்.

இன்று வேறு வழி இருக்கிறது. தளங்களை இயக்கும் கணினிகளான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை உண்டு; இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. மாஸ்டடான் (குறும்பதிவுகள்), லெம்மி (விவாதக் குழுக்கள்), பியர்ட்யூப் (காணொளிகள்), பிக்ஸல்ஃபெட் (படங்கள்) எல்லாம் அதைப் பேசுகின்றன. மின்னஞ்சல் போலத்தான்: நான் ஒரு சர்வரில் இருப்பேன், நீங்கள் இன்னொன்றில் இருப்பீர்கள், ஆனாலும் ஒருவரையொருவர் பின்தொடரலாம், பதில் எழுதலாம். புதிதாகச் சமூகம் தொடங்குகிறவர்கள் இனி இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

எதிர்க்காற்று:
மின்னஞ்சல் என்றீர்கள் நண்பரே, நானும் அங்கிருந்தே வருகிறேன். அதன் நெறிமுறை 1982லிருந்து பொதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று பெரும்பாலோரின் அஞ்சல் பெட்டி ஒரு சில பெரிய நிறுவனங்களிடம்தானே? சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்துப் பாருங்கள், அனுப்பும் கடிதம் எதிராளியின் ஸ்பேம் பெட்டிக்குப் போகாமல் இருக்கப் போராட வேண்டியிருக்கும்.

அரட்டைக்கான திறந்த நெறிமுறையான எக்ஸ்எம்பிபியின் கதையும் அதேதான். அதைப் பயன்படுத்திய கூகுள் டாக் என்ற அரட்டைச் செயலி 2006இல் பிற சர்வர்களோடு பேசத் தொடங்கியபோது, திறந்த அரட்டை வென்றுவிட்டது என்று பலர் நம்பினார்கள். 2013இல் அதன் இடத்தில் கூகுளின் ஹேங்அவுட்ஸ் வந்தது, அந்தத் தொடர்பைக் கைவிட்டார்கள். சொந்தச் சர்வர் வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். நெறிமுறை திறந்திருந்தால் மட்டும் யாருக்கும் பாதுகாப்பு வந்துவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. நிறுவனத்தின் தயவில் இருக்காதே என்கிறீர்கள். ஒரு சிறிய மாஸ்டடான் சர்வரில் நான் ஒரு தனிமனிதரின் தயவில் இருக்கிறேன். மாஸ்டடான்.லால் என்ற சர்வரில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். தன்மேல் வந்த வசவுகளைத் தாங்க முடியாமல் அதை நடத்தியவர் 2023இல் மூடிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயனருக்கு ஆர்குட் மூடியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கரையோரம்:
நீங்கள் இருவரும் சர்வரிலிருந்து பார்க்கிறீர்கள். சேர வருகிறவர் பக்கமிருந்தும் பாருங்கள். முதல் திரையிலேயே 'எந்தச் சர்வர்?' என்று கேட்டால், ஆர்வமாக வந்தவரும் யோசிக்கிறார். மாஸ்டடானில் பதிவுகளின் முழு உரையில் தேடும் வசதி பரவலாகக் கிடைக்கவே 2023 ஆகிவிட்டது, அதுவும் எழுதியவர் சம்மதித்தால்தான். கொள்கையில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ஆள் வராத இடத்தைச் சமூகம் என்று எப்படிச் சொல்வது?

இரவுக்காவல்:
ஒரு சர்வரில் பதிவுகளையும் புகார்களையும் கவனிக்கும் மாடரேட்டராக இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். சர்வர் செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒருவர் புகார் கொடுத்தால் அதைத் திறந்து பார்க்க வேண்டிய கண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தப் புகாரில் என்ன இருக்கும் என்பது திறக்கும்வரை தெரியாது. சில நேரம் வெறும் வாய்ச்சண்டை. சில நேரம் எவரும் பார்க்கக்கூடாத படம். பெரிய நிறுவனங்கள் இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன, தெரிந்த படங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவிகளும் அவர்களிடம் உண்டு. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஃபெடிவர்ஸ் எனப்படும் இந்தப் பிணைந்த சர்வர்களில் பெரியவற்றைச் சோதித்தபோது, இரண்டே நாளில் குழந்தைகளைத் துன்புறுத்தும் படங்களாக ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டவற்றில் 112 கிடைத்தன. இதைத் தடுக்கும் வேலை, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து உட்காருகிற ஒரு தன்னார்வலரின் தலையில் விழுகிறது.

2024 பிப்ரவரியில் வந்த ஸ்பேம் அலையையும் சொல்ல வேண்டும். தொடங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்ட சின்னச் சின்ன சர்வர்களில், அனுமதி தேவையில்லாமல் கணக்கு திறக்க முடிந்தது. அவற்றின் வழியாகத்தான் அந்தக் குப்பை எல்லோருக்கும் வந்தது. ஒருவர் கவனிக்காமல் விட்ட சர்வர் மற்ற எல்லா அட்மின்களுக்கும் வேலை வைக்கிறது.

நான் பரவலாக்கத்துக்கு எதிரி இல்லை. ஆள் இல்லாமல் தொடங்குவதற்குத்தான் எதிரி.

கலங்கரை:
இரவுக்காவல் அக்கா சொன்ன சுமை உண்மையானது. ஆனால் அந்தச் சுமை நிறுவனத் தளங்களிலும் தன்னார்வலர்கள் மேல்தானே இருக்கிறது? ரெடிட்டின் குழுக்களைச் சம்பளம் வாங்காத மாடரேட்டர்கள்தான் நடத்துகிறார்கள். 2023இல் ஏபிஐக்கு, அதாவது வெளியார் செயலிகள் ரெடிட்டோடு இணையும் வழிக்கு, நிறுவனம் வைத்த விலையால் அப்போலோ போன்ற வெளியார் செயலிகளை மூட வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தி எதிர்ப்புத் தெரிவித்தன. திறக்காவிட்டால் வேறு மாடரேட்டர்களை வைப்போம் என்று நிறுவனம் எச்சரித்தது. உழைப்பு அவர்களுடையது, கடைசிச் சொல் நிறுவனத்துடையது.

இதற்கு எதிரே, ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையில் நடந்த ஃப்ரீநோட் வலையமைப்பை வைத்துப் பாருங்கள். 2021 மே மாதம் அதன் நிர்வாகம் கைமாறியது பிடிக்காமல், நடத்திவந்த தன்னார்வலர்கள் வெளியேறி லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே பெரிய பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பின்னாலேயே போய்விட்டன. ஐஆர்சி திறந்த நெறிமுறை, சர்வர் முகவரியை மாற்றினால் போதும். மாடரேட்டர்கள் கூட்டமாக வெளியேறி, பயனர்களும் கூடவே போக முடிந்ததற்கு அதுதான் காரணம். ரெடிட்டில் அது முடியவில்லை.

விக்கிப்பீடியாவையும் சொல்லலாம். 2002இல் விளம்பரம் வரப்போகிறதோ என்ற அச்சத்தில் ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் பலர் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்கள். விக்கிப்பீடியாவின் கட்டற்ற உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் இன்றுவரை விளம்பரம் இல்லை. வெளியேற முடியும் என்பதே, இருக்கிற இடத்தில் நம் பேச்சுக்கு எடை கொடுக்கிறது.

எதிர்க்காற்று:
நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் ஃப்ரீநோடில் இருந்தவர்கள் நிரலாளர்கள், முகவரி மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. மாஸ்டடானில் என்ன நடக்கிறது? கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. பழைய சர்வர் திடீரென்று செத்துவிட்டால் பின்தொடர்பவர்களும் வரமாட்டார்கள். டொமைன், அதாவது சர்வரின் இணைய முகவரி, பறிபோனாலும் இதே கதிதான். 2024இல் தாலிபான் ஆட்சி ஆப்கானிஸ்தானுக்குரிய .ஏஎஃப் முகவரி ஒன்றை முடக்கியதால் ஒரு சர்வர் முழுதும் காணாமல் போனது. வெளியேறும் உரிமையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நீங்கள், அது அரைகுறையாக இருப்பதையும் சொல்ல வேண்டும்.

ப்ளூஸ்கை என்ற குறும்பதிவுத் தளம் இந்தச் சிக்கலைத் தீர்க்க வேறொரு நெறிமுறையை வடிவமைத்தது. அங்கேயும் பெரும்பாலான கணக்குகள் அந்த நிறுவனத்தின் சர்வர்களில்தான் கிடக்கின்றன.

இரவுக்காவல்:
சரி, இப்படிச் செய்து பார்க்கலாம். மாஸ்டடான் தன் இணையதளத்தில் பட்டியலிடும் சர்வர்களுக்குச் சில நிபந்தனைகள் வைக்கிறது. தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்தில் உள்ளே நுழைய இன்னொருவருக்கும் அனுமதி இருக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். நாம் அதற்கு மேலும் போகலாம். சோஷியல்.கூப் என்ற சர்வர் கூட்டுறவாகவே நடக்கிறது. உறுப்பினர்கள் பணம் கட்டுகிறார்கள், முடிவுகளிலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. டொமைன் தனிநபர் பெயரில் இல்லாமல், மாடரேட்டர்களுக்கு முறை வைத்து ஓய்வு கொடுத்து நடத்துவதானால் நான் வருகிறேன். கணக்கு திறக்க ஒப்புதல் கட்டாயம், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரையோரம்:
அப்படியென்றால் எந்தச் சர்வர் என்ற கேள்வியே வராது அக்கா. ஒரே இணைப்பைக் கொடுத்து 'இங்கே வாருங்கள்' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏற்கெனவே நிறுவனத் தளத்தில் இருக்கும் பழைய இடத்தை உடனே மூட வேண்டாம். எழுதுவதை முதலில் நம் இடத்தில் போட்டு, அப்புறம் அங்கே இணைப்பு கொடுப்போம்.

எதிர்க்காற்று:
கூட்டுறவு என்றால் நானும் பணம் கட்டுவேன். ஒரு நிபந்தனை: ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் த்ரெட்ஸ் தளத்தை முதல் நாளே தடை செய்ய வேண்டும். 2024லிருந்து அவர்களும் ஆக்டிவிட்டிபப் பேசுகிறார்கள். கூகுள் டாக் செய்ததை இவர்கள் செய்யமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கலங்கரை:
உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே இருக்கும் நண்பரைப் பின்தொடரக்கூடாது என்று இங்கே வருகிறவரிடம் நான் சொல்லமாட்டேன். தொல்லை வந்தால் அடுத்த நிமிடமே தடுக்கும் பொத்தான் மாடரேட்டர்கள் கையில் இருக்கிறது. வருவதற்கு முன்பே மூடுவதை நான் எதிர்க்கிறேன். சேர்ந்தபின் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும், முடிவு என் கருத்துக்கு எதிராக வந்தாலும் அந்தச் சர்வரில்தான் இருப்பேன்.

எதிர்க்காற்று:
அந்த வாக்கெடுப்புக்கு என் வாதத்தை இப்போதே எழுதத் தொடங்குகிறேன்.