பிராமன் × ஆங்கஸ் கலப்பின மாடுகள்: இறைச்சி மென்மைக்கான மரபணு இடங்கள்

கேள்வி: 50கே எஸ்என்பி சிப் தரவு (சுமார் 50,000 இடங்களில் டிஎன்ஏவின் ஓரெழுத்து வேறுபாடுகள்). வெட்டுவிசையோடு (இறைச்சியை வெட்டத் தேவைப்படும் விசை) ஜீவாஸ் (மரபணுத்தொகை முழுதும் தொடர்பு தேடும் ஆய்வு) ஓட்டினால் எல்லாக் குரோமோசோமிலும் சிகரம், அதாவது வலுவான தொடர்பு, எழுகிறது. ஏன்?

பதில் 1: இனவிகிதம்தான் காரணம். பிராமன் பங்கு கூடினால் இறைச்சி கடினமாகும். ஆகவே இரு இனங்களிலும் அல்லீல் (மரபணு வடிவம்) நிகழ்வெண் மாறுபடும் எஸ்என்பி எல்லாமே தொடர்புள்ளதாகத் தெரியும். மரபுறவு அணியோடு (மாடுகளுக்கிடையிலான மரபணு உறவைக் காட்டும் அட்டவணை) கலப்பு விளைவு மாதிரியில் (அந்த உறவையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் மாதிரி) ஓட்டுங்கள். சோதிக்கும் குரோமோசோமின் எஸ்என்பிகளை அந்த அணியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உண்மைச் சிகரமும் அமுங்கிவிடும்.

பதில் 2: வெட்டுவிசை அளவீட்டையும் பாருங்க. உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்து, ஆறவிட்டு, தசைநார் போக்கிலேயே 1.27 செ.மீ. உருளைகள் எடுக்கணும். இறைச்சியைக் குளிரில் வைத்துப் பதப்படுத்தும் நாட்கள் எல்லாத்துக்கும் ஒன்றா? தசைப் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்கும் நொதியான கால்பைன் வேலை செய்வதே அந்த நாட்களில்தான். எந்த மாடுகள் ஒன்றாக வெட்டப்பட்டன என்ற தொகுதியையும் புள்ளியியல் மாதிரியில் சேருங்க.

பதில் 3: இவற்றைத் திருத்தியபின் 29ஆம் குரோமோசோமில் கால்பைன்-1, 7ஆம் குரோமோசோமில் கால்பாஸ்டாட்டின் (கால்பைனைத் தடுக்கும் புரதம்) மரபணுப் பகுதிகளைப் பாருங்கள். கால்பைன்-1 மரபணுவின் 316 என்ற எஸ்என்பி குறியீடு பிராமனில் அதிகம் உதவாது; 4751 இரு இனத்துக்கும் பயன்படும்.