டான்சில் ஆபரேஷன் ஆறாம் நாள், எச்சிலில் ரத்தம்: காலை வரை பொறுக்கலாமா?

மருதூரான்: பாப்பாவுக்கு 7 வயசு, 20 கிலோ. தஞ்சாவூரில் டான்சில் எடுத்தாச்சு. இப்போ இருக்கிறது வேதாரண்யம் பக்கத்துல கிராமத்துல. ராத்திரி ஒருமுறை ஒரு ஸ்பூன் அளவு சிவப்பா துப்பினாள், தானா நின்னுடுச்சு. தொண்டை வெள்ளையா பூத்திருக்கு, சீழா? ஆத்தா மஞ்சளும் தேனும் தடவச் சொல்றாங்க.

வெண்ணாறு: வெள்ளை சீழ் இல்லை, புண் மேல் படியும் ஏடு. 5 முதல் 10 நாளுக்குள் அது உரியும்போதுதான் இரண்டாம் கட்ட ரத்தக்கசிவு வரும். நின்னுடுச்சுன்னு ஏமாறாதீங்க, பெரிய கசிவுக்கு முன்னால் இப்படிச் சின்னதா ஒண்ணு வரலாம். இப்பவே 108 கூப்பிடுங்க. எதையும் தடவ வேண்டாம், விரல் பட்டாலே ஏடு பிய்யும்.

தூங்கும் பிள்ளை அடிக்கடி "மடக் மடக்"னு விழுங்குதான்னு பாருங்க. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் வயிற்றுக்குள் போய்க்கிட்டிருக்கும், அப்புறம் காப்பித் தூள் நிறத்தில் வாந்தி வரும். 20 கிலோ உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு டம்ளர் போனாலே பத்தில் ஒரு பங்கு.

செவிலி_திருவாரூர்: தஞ்சாவூர் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாகப்பட்டினம், திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கிட்டே. ஈ.என்.டி.யும் மயக்க மருந்து டாக்டரும் இருக்காங்களான்னு வழியிலேயே போனில் கேளுங்க. ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கும் சொல்லிடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீங்க. உட்கார வச்சு, முன்பக்கம் குனிய வச்சு, கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்க. அளவு டாக்டருக்குத் தெரியணும். மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க. அங்கே போனதும் ஊசிக்குழாய் போட்டு, ரத்த குரூப் பார்ப்பாங்க. கசிவு நிக்கலைன்னா தியேட்டர்தான்.

மருதூரான்: 108 சொல்லியாச்சு. தாகம்ங்கறா, இளநீர் தரலாமா? வலிக்கு என்ன?

வெண்ணாறு: இப்போ வாய் வழியா எதுவும் வேண்டாம், மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம். ஐஸ் தண்ணி கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. இளநீர், நுங்கு எல்லாம் வீடு திரும்பின பிறகு நிறையக் கொடுங்க. தொண்டை காய்ந்தால் புண் வெடிக்கும். ரோஸ் மில்க் மட்டும் வேண்டாம், வாந்தி எடுத்தா ரத்தமா சாயமான்னு குழம்பும்.

செவிலி_திருவாரூர்: வலி மருந்தையும் டாக்டர் சரின்னு சொன்ன பிறகு கொடுங்க. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 300. 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. லேபிளைப் பாருங்க: 5 மில்லியில் 250 இருந்தா 6 மில்லி, 125 இருந்தா 12 மில்லி. ஆஸ்பிரின் தொடவே கூடாது, ரத்தம் உறையாது.